பட்டனை விட்ட பிறகும்

அன்னூருக்குப் பக்கத்தில் அப்புச்சி தோட்டம். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். கிணற்று மேட்டில் ஓடு வேய்ந்த மோட்டார் ரூம். உள்ளே சுவரில் ஒரு மரப்பலகை, பலகையில் மூன்று ஃபியூஸ் கட்டை, அதற்குக் கீழே பச்சையும் சிவப்புமாக இரண்டு பட்டன் வைத்த இரும்புப் பெட்டி. பள்ளிக்கூட லீவுக்குப் போனால் அந்தப் பச்சைப் பட்டனை யார் அமுக்குவது என்பதில்தான் எனக்கும் மாமா பையனுக்கும் முதல் சண்டை. அமுக்கினால் பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த நொடி கிணற்றுக்குள் மோட்டார் முனகிக்கொண்டு எழும். கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் வந்து விழும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீட்டு லைட் சுவிட்சைப் போட்டால் அது போட்டபடியே நிற்கிறது. இந்தப் பட்டனோ விரலை எடுத்ததும் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. ஆனாலும் மோட்டார் ஓடுகிறது. அப்படியானால் இன்னும் அமுக்கிக்கொண்டிருப்பது யார்?

அப்புச்சியிடம் கேட்டேன். "உள்ள ஒருத்தன் புடிச்சுட்டு நிக்கறான் கண்ணு. கரண்டு இருக்கற வரைக்கும் புடிச்சிருப்பான். போனா உட்டுருவான். மறுபடி வந்தாலும் அவனாப் புடிக்க மாட்டான், நாமதான் போயிச் சொல்லோணும்" என்றார்.

குழந்தையை ஏய்க்கச் சொன்ன கதை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எலக்ட்ரிகல் படிக்கப் போய், ரிலே என்ற பாடம் வந்த அன்றுதான் அப்புச்சி ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

உள்ளே நிற்கிறவனைப் பார்க்க வேண்டுமானால், மெயினை இறக்கிவிட்டு பெட்டி மூடியைக் கழற்ற வேண்டும். ஆங்கில 'ஈ' எழுத்து வடிவத்தில் இரண்டு இரும்புத் துண்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கி ஆணி அடித்த துண்டுகள். கீழே உள்ளது அசையாது. அதன் நடுக்காலில்தான் காயில் உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ளதை ஒரு ஸ்பிரிங் தள்ளி நிறுத்தியிருக்கிறது. இடையில் அரை விரலுக்கும் குறைவான சந்து. பச்சைப் பட்டனை அமுக்கினால் காயிலுக்குள் கரண்ட் போகிறது, கீழ் இரும்பு காந்தமாகிறது, மேல் இரும்பை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. 'டொக்' என்பது இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். மேல் இரும்போடு சேர்ந்தே மூன்று ஜோடி பாயிண்ட்டும் கீழிறங்கி, மூன்று பேஸையும் மோட்டாருக்கு இணைத்துவிடுகின்றன. ஐந்து எச்.பி. மோட்டாரின் கரண்ட்டை விரல் தொடவில்லை. விரல் கொடுத்தது காயிலுக்கு வேண்டிய துளிக் கரண்ட்டை மட்டும்.

சூட்சுமம் நான்காவது பாயிண்ட்டில் இருக்கிறது. ஓரமாக, சின்னதாக இருப்பதால் கண்ணில் படாது. பச்சைப் பட்டன் எந்த இரண்டு கம்பியைச் சேர்க்கிறதோ அதே இரண்டு கம்பியை இதுவும் சேர்க்கிறது. மேல் இரும்பு இறங்கும்போது இதுவும் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அதாவது, காயில் தன்னை எழுப்பிய பட்டனின் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு பட்டன் தேவையில்லை. சிவப்புப் பட்டனை அமுக்கினாலோ கரண்ட் போனாலோ காந்தம் போகும், ஸ்பிரிங் மேல் இரும்பைத் தூக்கும், நான்காவது பாயிண்ட்டும் விலகும். பிறகு கரண்ட் வந்தாலும் காயிலுக்குப் போக வழியில்லை. யாராவது வந்து பச்சையை அமுக்கும் வரை அது எல்லாவற்றையும் மறந்துபோய்க் கிடக்கும்.

இந்த மறதியை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லையென்று நம்பி ஒருவர் மோட்டார் ஷாஃப்ட்டில் கையை வைத்திருக்கலாம். கிணற்றுக்குள் இறங்கி ஃபுட்வால்வைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கரண்ட் சொல்லாமல் திரும்பும்போது மோட்டாரும் சொல்லாமல் ஓடினால் என்ன ஆகும்?

இந்தப் பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் கல்லூரியில் ஒரு வகுப்பறைக்குப் போய்ச் சேரலாம். 1835-ஐ ஒட்டிய காலம். ஆசிரியர் பெயர் ஜோசப் ஹென்றி. இரும்பைச் சுற்றிக் கம்பி கட்டி மின்காந்தம் செய்வதை 1825 வாக்கிலேயே இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜியன் செய்து காட்டியிருந்தார். ஆனால் அவருடையது வெறும் கம்பி. ஒரு சுற்று இன்னொன்றைத் தொடக்கூடாது என்பதால் இடம் விட்டு விட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. ஹென்றி கம்பிக்குப் பட்டு நூலைச் சுற்றி, அடுக்கடுக்காக நெருக்கிக் கட்டினார். 1831-ல் யேல் கல்லூரிக்கு அவர் செய்து கொடுத்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இன்று கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வைண்டிங் கடைகளில் காயில் கட்டும் ஒவ்வொரு கையும் அந்தப் பட்டு நூல் வேலையைத்தான் தொடர்கிறது. நூலுக்குப் பதில் இப்போது எனாமல்; தண்ணீருக்குள் நிற்கும் சப்மெர்சிபிள் மோட்டார் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி.

பிரின்ஸ்டனில் ஹென்றி மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு பெரிய காந்தத்தில் நூற்றுக்கணக்கான பவுண்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டார். அந்தக் காந்தத்துக்குக் கரண்ட் போகும் வழியில், எளிதாக விலகக்கூடிய ஒரு சின்னக் கம்பித்துண்டு. அதற்கு மேலே ஒரு சின்னக் காந்தம். சின்னக் காந்தத்திலிருந்து நெடுந்தூரம் ஒரு கம்பி. தூரத்திலிருந்து மெல்லிய கரண்ட் ஒன்றை அனுப்பினால், சின்னக் காந்தம் கம்பித்துண்டைத் தூக்கும். பெரிய காந்தத்தின் கரண்ட் அறும். எடைக்கல் அத்தனையும் தடாலென்று தரையில் விழும். இப்படியே நூறு மைலுக்கு அப்பாலிருந்து தேவாலய மணியைக்கூட அடிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

எளியவன் சொல்லி வலியவன் செய்வதுதான் ரிலே என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். எனக்கு அதில் வேறொன்று பிடித்திருக்கிறது. உலகத்தின் முதல் ரிலேக்களில் ஒன்று செய்த வேலை, பிடித்திருந்ததை விட்டது.

பெயர் வந்த வழியும் நமக்குத் தூரமில்லை. நெடும்பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக்குதிரை பூட்டுவதற்குத் தந்திக்கு முன்பே ரிலே என்று பெயர் இருந்தது. தந்திக் கம்பியிலும் அதே சிக்கல் வந்தது. சில பத்து மைல் போனதும் கரண்ட் களைத்துவிடும். அந்த இடத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், களைத்த கரண்ட்டைக் கொண்டே புது பேட்டரியின் கரண்ட்டைத் தட்டி அடுத்த ஊருக்கு அனுப்பலாம். மோர்ஸ் 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அடித்தபோதே ரிலே வழக்கத்துக்கு வந்துவிட்டது. தமிழில் இதற்கு அஞ்சல் என்று பொருத்தமான சொல் இருக்கிறது. ஓட்டக்காரர் கை மாற்றிக் கொண்டுபோகும் தபாலும் அஞ்சல். வானொலியில் ஓர் ஊர் நிகழ்ச்சியை இன்னோர் ஊர் வாங்கி ஒலிபரப்பினால் அதுவும் அஞ்சல். யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகள் கட்டை மாற்றி ஓடுவது அஞ்சலோட்டம். எலக்ட்ரீஷியனிடம் போய் அஞ்சல் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

தந்திக்குப் பிறகு ரிலே போகாத இடமில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. 1937-ல் கிளாட் ஷானன் என்ற மாணவர், ரிலேக்களை வரிசையாகவும் பக்கவாட்டிலும் இணைத்தால் தர்க்கக் கணிதம் முழுவதையும் கம்பியில் செய்துவிடலாம் என்று ஆய்வேடு எழுதினார். 1941-ல் ஜெர்மனியில் கொன்ராட் சூசே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்களை வைத்துக் கணினியே செய்துவிட்டார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 என்ற ரிலேக் கணினி மக்கர் செய்ய, திறந்து பார்த்தால் எழுபதாம் நம்பர் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதைப் பசைநாடாவால் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். உலகமே அதைக் கதையாகச் சொல்கிறது.

அப்புச்சியின் ஸ்டார்ட்டர் பெட்டியில் சிக்கிய பல்லிகளை ஒட்டியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். பல்லிக்கும் கட்டெறும்புக்கும் அந்தப் பெட்டியின் கதகதப்பில் அப்படியொரு பிரியம். அவை பாயிண்ட்டுக்கு நடுவே செத்தால் ஒரு பேஸ் சேராது. இரும்புக்கு நடுவே செத்தால் இன்னும் மோசம். ஏ.சி. காயிலின் குணம் அப்படி. சந்து திறந்திருக்கும்போது அது நிறையக் கரண்ட் குடிக்கும். இரும்பும் இரும்பும் முழுதாக ஒட்டியதும் குடிப்பு மளமளவென்று குறைந்துவிடும். நடுவே ஓர் எறும்புப் பட்டாளம் கிடந்து ஒட்டவிடாமல் செய்தால், காயில் தொடர்ந்து அதிகக் கரண்ட்டை இழுத்து, சூடேறி, வார்னிஷ் கருகும் வாசனையோடு செத்துப்போகும். வாசனைக்கு முன்பு பெட்டி 'கொர்ர்ர்' என்று உறுமும். ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. அந்த நூறு தடவையும் காந்தம் ஒரு கணம் கைவிடப் பார்க்கிறது. அதைச் சமாளிக்க இரும்பின் முகத்தில் செம்பு வளையம் ஒன்றைப் பதித்திருப்பார்கள். வளையத்துக்குள் ஓடும் கரண்ட் கொஞ்சம் பிந்தி வருவதால், ஒரு பாதி காந்தம் ஓயும்போது மறுபாதி தாங்கிக்கொள்ளும். வளையம் விட்டுப்போன பெட்டி ஊர் முழுக்கக் கேட்கும்படி உறுமும்.

இந்தப் பெட்டி கொங்குநாட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு மழை குறைவும் ஒரு காரணம், நீலகிரியும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் கோவைச் சீமையில் மழை கம்மி. தண்ணீர் வேண்டுமென்றால் கல்லை உடைத்துக் கிணறு வெட்டித்தான் ஆக வேண்டும். கவலை கட்டி, எருதுகளை முன்னும் பின்னும் நடத்தி, சால் சாலாக இறைத்த மண் இது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய கம்பி முதலில் மில்களுக்குப் போனது, பிறகு மெல்லக் கிணற்று மேட்டுக்கும் வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள் என்பது கோயம்புத்தூர் விடாமல் சொல்லிக்கொள்ளும் பெருமை. பின்னால் வந்த பம்ப் கம்பெனிகளையும் ஃபவுண்டரிகளையும் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மோட்டார் ஏறிய மேடைகளில் பக்கத்துச் சுவர்ப் பெட்டிக்கு ஒரு மாலைகூட விழுந்ததாக நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி இல்லாமல் மோட்டாரை நம்பிக் கொடுக்க முடியாது. நின்றிருக்கும் மோட்டார் எழும்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். சின்ன மோட்டார் என்றால் நேரடியாகக் கொடுத்துவிடலாம். பெரிய மோட்டாரை அப்படி எழுப்பினால் பக்கத்துத் தோட்டத்து லைட் மங்கும். அதற்குத்தான் ஸ்டார் டெல்டா. முதலில் காயில்களை ஸ்டார் கட்டில் இணைத்தால் லைனில் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். ஆரம்ப நாட்களில் இந்த மாற்றத்தைக் கையால் செய்தார்கள். எண்ணெய் நிரப்பிய கனத்த வார்ப்பிரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, மோட்டாரின் சத்தம் ஏறுவதைக் காதால் கேட்டு, சரியான நேரத்தில் சட்டென்று மறுபக்கம் தள்ள வேண்டும். அங்கே நோ வோல்ட் காயில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும். பாயிண்ட் பிரியும்போது எழும் நெருப்பை அணைக்கத்தான் எண்ணெய். அந்த எண்ணெயின் வாசனையும் மஞ்சள் மூட்டையின் வாசனையும் கலந்ததுதான் எனக்கு மோட்டார் ரூம்.

பட்டன் வைத்த பெட்டிகளில் எங்கள் பக்கம் எல் அண்ட் டி என்ற பெயர் செல்லுபடியானது. ஹென்னிங் ஹோல்க் லார்சன், சோரன் டூப்ரோ என்ற டென்மார்க்காரர் இருவர் 1938-ல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி. 2020-ல் அந்தச் சுவிட்ச் கியர் பிரிவை ஷ்னைடருக்கு விற்றுவிட்டார்கள். 2024-லிருந்து அதே பெட்டி லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது. அதுவும் டென்மார்க் பெயர்தான். தோட்டத்தில் இன்னும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. 'எலன்டி' என்றே வாங்குகிறார்கள். சுவிட்ச் வேலையில் கோவையே பேர் வாங்கிய கதையும் உண்டு. 1985-ல் இங்கே தொடங்கிய சால்சர் கம்பெனி, திருகிப் போடும் ரோட்டரி சுவிட்சுகளில் நாட்டின் முன்னணிக்கு வந்தது. பேனல் போர்டில் ஆம்ப்ஸ், வோல்ட் என்று பேஸ் மாற்றிப் பார்க்கத் திருகுகிறோமே, அந்தக் குமிழ்.

சரி, அப்புச்சிக்கு வருவோம்.

மின்சாரம் எங்கள் பக்கம் எவ்வளவு உயிர்நாடி என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் 1970-ஐப் பார்க்கலாம். யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் வந்து கோவை நகரத்தையே நிறைத்தன. 1990-ல் எல்லா விவசாய பம்ப்செட்டுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆனால் மூன்று பேஸ் நாள் முழுக்க வரவில்லை. பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் மூன்று மணி நேரம் என்று முறை. அதிலும் நடுவே பத்துத் தடவை போய் வரும்.

அப்போதுதான் பெட்டியின் மறதி பெரிய தொந்தரவாக மாறியது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வரும். அப்புச்சி மோட்டார் ரூம் வாசலில் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்திருப்பார். மூன்றாவது பேஸ் வந்தால்தான் அது எரியும். சாளைத் திண்ணையில் படுத்தபடி அந்த வெளிச்சத்துக்காக ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருப்பார். எரிந்ததும் எழுந்து, டார்ச் அடித்து, பாம்புக்குப் பயந்து தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போய்ப் பச்சையை அமுக்கி வருவார். வந்து படுத்த பத்தாம் நிமிஷம் கரண்ட் போய் வரும். பெட்டி மறந்திருக்கும். மறுபடி எழ வேண்டும்.

ஒரு நாள் அவர் பச்சைப் பட்டனுக்கு மேலே ஒரு தேங்காய்த் தொட்டிச் சில்லை வைத்து, சைக்கிள் டியூப்பால் பெட்டியோடு இறுக்கிக் கட்டிவிட்டார். இனி பட்டன் அமுங்கியே இருக்கும். கரண்ட் போகட்டும், வரட்டும். வந்த உடனே 'டொக்'. நிம்மதியாகத் தூங்கினார். சுற்றுவட்டாரத்தில் தீக்குச்சி செருகியவர்களும் மரச்சில்லு அடித்தவர்களும் இருந்தார்கள். மோட்டார் அதிகமாக இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறதென்று அப்புச்சி அதன் திருகையும் கடைசிவரை திருப்பி வைத்திருந்தார்.

அது பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலையில் மோட்டார் ரூமில் கருகல் வாசனை.

நடந்தது இதுதான். ராத்திரி திரும்பி வந்த கரண்ட்டில் ஒரு பேஸ் இல்லை. காயில் உட்கார்ந்திருப்பது மூன்றில் இரண்டு பேஸுக்கு நடுவே. அந்த இரண்டும் சரியாக இருந்ததால் அதற்குக் குறை எதுவும் தெரியவில்லை. கடமை தவறாமல் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் கூடுதலாக இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடும். நின்ற மோட்டார் இரண்டு பேஸில் எழவே எழாது. சுழலத் திசை தெரியாமல் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டே நின்ற இடத்தில் வேகும். ஓவர்லோடு ரிலேயில் இருக்கும் இரட்டை உலோகத் தகடு இந்தச் சூட்டில் வளைந்து காயிலை அறுத்திருக்க வேண்டும். ஒரு தகட்டில் ஒரு பக்கம் அதிகமாக நீளும் உலோகம், மறுபக்கம் குறைவாக நீளும் உலோகம். சூடேறினால் வளைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆனால் திருகு கடைசியில் இருந்ததால் அது வளைந்து எட்டுவதற்குள் மோட்டார் வெந்துவிட்டது.

வைண்டிங் கடையில் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர் அப்புச்சியை ஏற இறங்கப் பார்த்தார். "கவுண்டரே, தொட்டிச் சில்லு வெச்சீங்களாக்கும்?" என்று கேட்டார். காயில் கருகிய வரிசையை வைத்தே சொல்லிவிட்டார். சில காயில்கள் மட்டும் கரியாகி, மற்றவை புதுசு போலப் பளபளத்தன. கம்பி எடைக்கும் கூலிக்கும் காசு கொடுத்துவிட்டு வந்த பிறகும் அப்புச்சி தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியைச் செய்தவன் இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் வரும் ஊரில் இருந்து செய்திருக்கிறான், இந்த ஊரில் இருந்து பார்க்கட்டும் என்றார்.

அதில் நியாயம் இல்லாமலில்லை. கோவையின் பட்டறைகளுக்கு அந்தக் குறை நன்றாகவே காதில் விழுந்தது. முதலில் வந்தது பிரிவெண்டர். மூன்று பேஸையும் பார்த்துக்கொண்டு, ஒன்று குறைந்தாலும் காயிலின் வழியை அறுத்துவிடும் சின்னப் பெட்டி. அதற்குள்ளும் ஒரு ரிலே. அடுத்து ஆட்டோ. அப்புச்சியின் தேங்காய்த் தொட்டி செய்த வேலையையே இது செய்கிறது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறது. மூன்று பேஸும் இருக்கிறதா, வோல்ட்டேஜ் போதுமா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்கும். அதோடு கொஞ்சம் பொறுத்து அமுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் இருபது மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் எழுந்தால், ஆறு மடங்கு இழுப்பில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். படுத்ததும் எல்லாக் காயிலும் கைவிடும். விட்டதும் வோல்ட்டேஜ் எழும். மறுபடி எல்லாம் இழுக்கும். 'டகடகடக' என்று ஊரே பெட்டி தட்டும். அதனால் ஆளுக்கொரு காலதாமதம் வைக்க வேண்டும். முதலில் எடுப்பவனுக்குத்தான் நல்ல வோல்ட்டேஜ் என்பதால், டைமரை ரகசியமாகக் குறைத்து வைத்துக்கொண்டவர்கள் மேல் பங்காளிச் சண்டை வந்ததும் உண்டு.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மூன்றாவது பேஸைச் சமாளிக்கும் பேனல்களும் வந்தன. மின்வாரியத்துக்கு அது பிடிக்காது. மோட்டாருக்கும் பிடிக்காது. வாடும் தென்னைக்கு மட்டும் பிடிக்கும்.

இதே கோவையின் இன்னொரு மூலையில், போத்தனூரில், ரிலேயின் மறதியைக் கோயில் கர்ப்பகிரகம் போலக் காப்பாற்றும் ஓரிடம் இருக்கிறது. தென்னக ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை. ரயில் சிக்னல்களுக்கான ரிலேக்கள் அங்கே செய்யப்படுகின்றன. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையே ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் என்று உறுதிசெய்யும் பிளாக் கருவிகளில் ஒரு வகைக்கு ரயில்வேக்காரர்கள் 'போத்தனூர் டைப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிக்னல் ரிலேயில் ஸ்பிரிங்கை நம்பி விட்டுவிட மாட்டார்கள். ஸ்பிரிங் களைக்கலாம், உடையலாம். காந்தம் விட்டதும் அசையும் இரும்பு தன் எடையாலேயே கீழே விழும்படி அமைப்பு. புவியீர்ப்பு லீவு எடுக்காது. பாயிண்ட்டுகளில் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் வெள்ளி கலந்த கரி. உலோகமும் உலோகமும் நெருப்பில் உருகி ஒட்டிக்கொள்ளலாம், கரி ஒட்டாது. முதுகில் குச்சிகளை வைத்து, ஒரு வகை ரிலேயை இன்னொரு வகையின் இடத்தில் செருகவே முடியாமல் செய்திருப்பார்கள். ஸ்டேஷன் ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் ஊழியரிடம்.

தண்டவாளத்தில் ரயில் நிற்பதை அறியும் முறையைப் பாருங்கள். தண்டவாளத்தின் ஒரு துண்டில், ஒரு முனையில் சின்ன பேட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருந்தால் கரண்ட் ஒரு தண்டவாளத்தில் போய், ரிலேயை எழுப்பிவிட்டு, மறு தண்டவாளத்தில் திரும்பும். ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும், கரண்ட் குறுக்கு வழியில் திரும்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். தண்டவாளம் விண்டுபோனாலும் பெரும்பாலும் விழும். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. எது கெட்டாலும் சிவப்பு. ரயில் தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள், ஆனால் ரயிலின் மேல் ரயில் ஏறாது. அங்கே எந்த ரிலேக்கும் மேலே தேங்காய்த் தொட்டி வைக்க முடியாது; வைக்க நினைக்கிறவர்களுக்காகத்தான் அந்த இரட்டைப் பூட்டு.

இப்போது மாமா போன் வழியாக மோட்டார் போடுகிறார். புனேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் 'நானோ கணேஷ்' என்ற பெயரில் இதைச் செய்து பேர் வாங்கினார். கோவையிலும் இன்று பல பட்டறைகள் செய்கின்றன. சிம் போட்ட ஒரு பலகை, ஒரு மிஸ்டு கால். போன வைகாசியில் அந்தப் பலகையின் மூடியைத் திறந்து பார்த்தேன். நடுவே நீல நிறத்தில், சர்க்கரைக் கட்டி அளவுக்கு ஒரு ரிலே. கோபுரத்திலிருந்து வரும் மெல்லிய அலை பலகையை எழுப்ப, பலகை நீலக் கட்டியை எழுப்ப, நீலக் கட்டி பழைய 'எலன்டி'யின் காயிலை எழுப்ப, காயில் மோட்டாரை எழுப்புகிறது. குதிரை மாற்றிக் குதிரை. ஹென்றி இதைப் பார்த்தால் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்காது, சிம்மைத் தவிர.

அந்தப் பழைய பெட்டியில் பாயிண்ட்டும் காயிலும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. தேய்ந்த பாயிண்ட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அதில் வெள்ளி இருக்கிறது, பழைய இரும்புக் கடைக்காரருக்கு அது தெரியும். பெட்டியின் உடம்பு மட்டும் அதேதான். பச்சைப் பட்டனைச் சுற்றி, சைக்கிள் டியூப் இறுக்கிய இடத்தில், பெயிண்ட் உரிந்து ஒரு கோடு இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கினேன். அப்புச்சி இல்லை. அம்மிச்சி திண்ணையில் அவர் படுக்கும் இடத்தில் படுத்திருந்தாள். மோட்டார் ரூம் குண்டு பல்பை யாரும் கழற்றவில்லை. ரெண்டு மணியிருக்கும், அது எரிந்தது. யாரும் எழவில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், டைமர் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு 'டொக்'.

"எடுத்துருச்சா?" என்றாள் அம்மிச்சி, கண்ணைத் திறக்காமல்.

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வரும் வரை பொறுத்திருந்து, "எடுத்துருச்சுங்க அம்மிச்சி" என்றேன்.